பார்டரில் சர்க்கரை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

இருபது வருடத்துக்கு மேல் உணவு ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்கே ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (ரிப்போர்ட்டில் எச்பிஏ1சி என்று இருப்பது) 6.1 என்று வந்தது. அதிலிருந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எனக்கு வெறும் தொழில் விஷயமாக இல்லை. புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் மட்டும் உங்கள் டாக்டரிடம் பேசித்தான்.

லாஸ்பேட்டை, 41 வயது: கம்பெனி செக்கப்பில் வெறும் வயிற்றில் 112, எச்பிஏ1சி 6.0. டாக்டர் "பார்டர்தான், பார்த்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார். எதைப் பார்த்துக்கொள்வது அக்கா?

தம்பி, வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாத சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் பார்டர் என்று கணக்கு. 126-ஐயோ 6.5-ஐயோ தொட்டால், அதற்கு மேல் சர்க்கரை நோய். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். உடம்பில் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் தசையும் கல்லீரலும் அதன் பேச்சை முன்போலக் கேட்பதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. வலி கிடையாது, தலைசுற்றல் கிடையாது. அதனால்தான் பலரும் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள்.

மறக்கக் கூடாது என்பதற்கு நான் எப்போதும் சொல்வது, 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வு. உங்களைப் போல பார்டரில் இருந்த நம் நாட்டு மக்களை வைத்துச் சென்னையில் செய்தது. பொதுவான அறிவுரையோடு விட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோய்க்குப் போனார்கள். நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களில் அது 39. எல்லோரும் தப்பிக்கவில்லைதான், ஆனால் அந்த வித்தியாசம் முழுக்க அவர்களே சம்பாதித்தது. 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கெடுப்பில் கோவாவுக்கு அடுத்தபடியாக நம் புதுச்சேரிதான். பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை. நம் ஊரில் இது யாரோ ஒருவருடைய பிரச்சினை இல்லை.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: ஒரு டேப் எடுத்து இடுப்பை அளங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் முதல் வேலை அதைக் குறைப்பது. எடை கூடுதலாக இருந்தால் அதில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு இறங்கினாலே ரிப்போர்ட்டில் தெரியும். 80 கிலோ ஆள் என்றால் நாலைந்து கிலோ.

வில்லியனூர், இல்லத்தரசி: வீட்டுக்காரருக்கு பார்டர் என்றதும் சோற்றை நிறுத்திவிட்டேன். மூன்று வேளையும் சப்பாத்தி, கேழ்வரகுக் கூழ். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. வேறு வழி இல்லையா?

இருக்கிறது அம்மா. சோற்றை நிறுத்தச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை. எத்தனையோ வீடுகளில் இரண்டு மாதம் நிறுத்தி, மூன்றாவது மாதம் பழையபடி தட்டு நிறையப் போட்டுக்கொண்டதைத்தான் பார்த்திருக்கிறேன். கோதுமையும் மாவுச்சத்துதான். நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் சாப்பிட்டால் சோற்றைவிட ஒன்றும் குறைந்துவிடவில்லை. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்து நீர்க்கக் கரைத்துக் குடிக்கும்போது சீக்கிரமே ரத்தத்தில் ஏறிவிடும். கூழை விட்டு, கீரை போட்ட அடையாகச் சுட்டுக் கொடுங்கள்.

நம் தட்டில் தப்பு எங்கே என்றால் பங்கில்தான். மலை மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். அதைத் திருப்புங்கள். தட்டில் பாதி காய்: அவரை, கொத்தவரை, புடலை, கீரை, எது மலிவோ அது. கால் பங்கு மீன், முட்டை, சுண்டல், பருப்பு. மீதிக் கால் பங்கில் சோறு. உருளையும் மரவள்ளியும் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கு. கடலோரத்தில் இருக்கிற நமக்கு மத்தியும் நெத்திலியும் கிடைப்பது பெரிய பாக்கியம். குழம்பாக வையுங்கள், தினமும் வறுக்க வேண்டாம்.

சாப்பிடுகிற வரிசையும் முக்கியம். முதலில் காயும் மீனும், கடைசியில் சோறு. அதே சாப்பாடுதான், ஆனால் சர்க்கரை ஏறுகிற வேகம் குறையும். எங்கள் வீட்டில் நான் செய்த முதல் மாற்றம் இன்னும் எளிது: சோற்றுப் பாத்திரத்தை அடுப்படியிலேயே வைத்துவிட்டு, காய்ச் சட்டியை மட்டும் நடுவில் கொண்டுவந்து வைத்தேன். இரண்டாவது தரம் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. இன்னொன்று, அவருக்குத் தனியாகச் சமைக்காதீர்கள். வீடு முழுக்க ஒரே சாப்பாடு என்றால்தான் அது நிலைக்கும், பிள்ளைகளுக்கும் நல்லது.

பண்ருட்டி: சீசனில் பலாப்பழம் சாப்பிடலாமா? டீக்கு நாட்டுச்சர்க்கரை போடலாமா?

இரண்டு மூன்று சுளை, சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக. பண்ருட்டியில் இருந்துகொண்டு முழுக்க விடச் சொன்னால் நடக்காது. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்துக்குச் சர்க்கரைதான். டீயில் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும்.

புதுச்சேரி, வங்கி ஊழியர்: தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் 45 நிமிடம் நடக்கிறேன். ஆனாலும் ரிப்போர்ட் இறங்கவில்லை.

நடையை விடாதீர்கள், அது இதயத்துக்கும் வேண்டும். அதன் பிறகு எட்டு மணி நேரம் நாற்காலியில் இருக்கிறீர்கள், அல்லவா? சர்க்கரை உச்சத்துக்குப் போவது சாப்பிட்டு ஒரு மணி நேரத்தை ஒட்டி. அந்த நேரத்தில் தசை வேலை செய்தால், இன்சுலின் பெரிதாக உதவாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் மதியமும் இரவும் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். தெருவிலேயே போதும். அப்புறம் வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. சர்க்கரையை வாங்கி வைக்கிற பெரிய கிடங்கு தசைதான். நாற்பதுக்கு மேல் அது தானாகக் குறைகிறது என்பதை நம் ஊரில் யாரும் பேசுவதே இல்லை.

நெய்வேலி, ஷிஃப்ட் வேலை: நைட் ஷிஃப்ட் வாரத்தில் எதையும் கடைப்பிடிக்க முடியவில்லை.

உண்மையிலேயே கடினம்தான் தம்பி. தூக்கம் கெட்டால் மறுநாளே இன்சுலின் மந்தமாகிவிடும், பசியும் கூடும். பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். நள்ளிரவுக்கு டப்பாவில் சுண்டல், இரண்டு அவித்த முட்டை, மோர். பரோட்டாக் கடை பக்கம் போக வேண்டி வராது. விடிய விடிய நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை. காலையில் வந்ததும் ஜன்னலை இருட்டாக்கி, போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

கடலூர் முதுநகர், 32 வயது: கர்ப்பத்தில் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது. ஒல்லியாகத்தான் இருக்கிறேன். இப்போது 5.9. ரத்தசோகையும் உண்டு.

தங்கச்சி, கர்ப்பத்தில் வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஒல்லி என்பதை நம்பி இருக்க வேண்டாம். கை கால் மெலிந்து, கொழுப்பு வயிற்றுக்குள்ளே சேர்வது நம் மக்களின் உடல்வாகு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் 5.9 என்பது உண்மையைவிடக் கூட்டிக் காட்டவும் செய்யும். அதனால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் டெஸ்டை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். 140 முதல் 199 வரை வந்தால் பார்டர். அடுத்த குழந்தை திட்டம் இருந்தால் அதற்கு முன்பே டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

பாகூர்: ஒரு பொடி விளம்பரம் பார்த்தேன், 21 நாளில் குணம் என்கிறார்கள்.

வாங்காதீர்கள். வெந்தயமோ பாகற்காயோ சமையலில் சேருங்கள், தடையில்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி சிறுநீரகத்தைக் கெடுத்து வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

அரியாங்குப்பம், ஓய்வு பெற்ற ஆசிரியர், 67 வயது: தினமும் மிஷினில் குத்திப் பார்க்கிறேன். ராத்திரி பட்டினி கிடந்தாலும் காலையில் 118. பயமாக இருக்கிறது.

ஐயா, விடியற்காலையில் உடம்பை எழுப்பக் கல்லீரலே சர்க்கரையை வெளியே விடும். பட்டினி கிடப்பதால் அது நிற்காது. ராத்திரி எட்டு மணிக்குள் இரண்டு மூன்று இட்லியும் கொஞ்சம் சுண்டலும் சாப்பிட்டு, தெருவில் ஒரு நடை போய்வந்து படுங்கள். வீட்டு மிஷின் லேபிலிருந்து கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும், 112-க்கும் 118-க்கும் பயப்பட ஒன்றுமில்லை. வாரம் ஒரு நாள் குத்தினால் போதும். ஆறு மாதம் கழித்து மூன்று மாத சராசரி எடுங்கள். அதோடு பிரஷர், கொலஸ்ட்ராலையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். அதுவரை மிஷினை உங்கள் வீட்டம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துத் தரட்டும்.