கனமான விஷயத்தில் காதல் எதற்கு?

கேள்வி: செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்றவன் வெளியே வந்து இன்னொரு ஆணைக் காதலிப்பதாக ஓர் ஆங்கில நாவல் வாங்கினேன். நிரபராதி தண்டிக்கப்படுவது எவ்வளவு கனமான விஷயம்! அதில் ஓரினச்சேர்க்கையைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டவே இல்லை. பாதியில் மூடிவிட்டேன். இதெல்லாம் ஃபேஷனுக்காக எழுதுவதுதானே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் அந்தச் சொல். நீங்கள் படித்தது காதல் கதை. ஆணும் பெண்ணும் காதலித்தால் அதைச் 'சேர்க்கை' என்றா எழுதுவீர்கள்? தன்பாலீர்ப்பு என்ற சொல் புழக்கத்துக்கு வந்து வருஷக்கணக்காகிறது.

சரி, ஒட்டவில்லை என்றீர்களே, அதற்கு வருகிறேன். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில், ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக இருந்தவர் பெர்னார்ட் பாரன். வயது 19. தான் ஆண்களை விரும்புபவர் என்பதை ஒளித்து வாழாதவர். 1984-ல் அங்கே, காப்பகங்களில் குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்கிறார்கள் என்று நாடு முழுக்க ஒரு பீதி. 'இந்த மாதிரி ஆளைக் குழந்தைகளோடு விடலாமா' என்று காப்பகத்தில் ஏற்கெனவே ஆட்சேபம் சொன்ன குடும்பத்திலிருந்துதான் முதல் புகாரும் வந்தது. ஒரு குழந்தைக்குப் பால்வினை நோய்த் தொற்று இருப்பதாகச் சோதனை சொன்னது. பாரனையும் சோதித்தார்கள். அவருக்கு இல்லை. அத்தோடு விட்டிருக்க வேண்டாமா? அந்த நோய் தன்பாலீர்ப்பு ஆண்களிடம் அதிகம் என்று சாட்சி சொல்ல வைத்தார்கள்! அவருக்கு நோய் இல்லை, ஆனால் நோய் வரக்கூடிய ஜாதி, அதனால் குற்றவாளி. 1985 ஜனவரியில் ஆயுள் தண்டனை. 21 வருஷம் உள்ளே இருந்தார்.

இன்னொன்று டெக்சாஸில், சான் அன்டோனியோ. எலிசபெத் ராமிரெஸ், கிறிஸ்டி மேஹ்யூ, கசாண்ட்ரா ரிவேரா, அன்னா வாஸ்குவெஸ் என்று நான்கு தோழிகள், நால்வரும் பெண்களை விரும்பும் பெண்கள். ரிவேராவும் வாஸ்குவெஸும் சேர்ந்து வாழ்ந்தவர்கள். ரிவேராவின் இரண்டு குழந்தைகளை இருவருமாக வளர்த்தார்கள். ராமிரெஸின் உறவுக்காரச் சிறுமிகள் இருவரை நால்வரும் சேர்ந்து பாலியல் கொடுமை செய்ததாக வழக்கு. ராமிரெஸுக்கு 1997-ல் முப்பத்தேழரை ஆண்டு, மற்ற மூவருக்கும் 1998-ல் தலா 15 ஆண்டு. நீதிமன்றத்தில் இவர்கள் யாரைக் காதலித்தார்கள் என்பது திரும்பத் திரும்ப இழுக்கப்பட்டது. உடலில் வடு இருக்கிறது என்று சாட்சி சொன்ன மருத்துவர், அது வடுவே அல்ல என்று பின்னாளில் பின்வாங்கினார். சிறுமிகளில் ஒருவர் வளர்ந்த பிறகு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

சிறைக்குள் பாலியல் குற்றவாளிகளுக்கென்று ஒரு திருத்தப் பயிற்சி உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் அதில் சேரலாம். இவர்கள் ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம்.

இப்போது சொல்லுங்கள், எதை எதோடு யார் ஒட்டினார்கள்? நாவலாசிரியருக்கு முன்பே அரசுத் தரப்பு வக்கீல் ஒட்டிவிட்டார். காதலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி வாங்கிய தண்டனை அது. அப்படிப்பட்டவன் வெளியே வந்தபின் நடக்கும் கதையைக் காதலே இல்லாமல் ஒருவர் எழுதினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஜெர்மனியில் கதை வேறு மாதிரி. இங்கே சொன்னவர்கள் குற்றம் செய்யாதவர்கள். அங்கே, செய்தது குற்றமே அல்ல. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175-ஆம் பிரிவின்படி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகளை 2017-ல்தான் ரத்து செய்தார்கள். நஷ்டஈடு, ஒரு தீர்ப்புக்கு 3,000 யூரோ, சிறையில் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,500. பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நாவலின் பெயரை நீங்கள் எழுதவில்லை, அதனால் அது நல்ல நாவலா என்று சொல்ல முடியாது. இந்த வகை நாவல்களில் எனக்கும் ஒரு குறை உண்டு. ஆனால் அது உங்கள் குறை அல்ல. பலவற்றில் சிறைக்கதவு திறக்கிறது, வெளியே ஒருவன் காத்திருக்கிறான், கட்டிக்கொள்கிறார்கள், நஷ்டஈட்டுக் காசோலை வருகிறது, கடற்கரையில் வீடு. டெக்சாஸில் சட்டப்படி நஷ்டஈடு ஆண்டுக்கு 80,000 டாலர். தொகை பெரிதுதான். ஆனால் நிரபராதி என்று தீர்ப்பு வந்தபிறகுதான் அந்தப் பேச்சே.

உண்மையான நாவல் அதற்கு முந்தைய இடைவெளியில் இருக்கிறது. பாரனுக்கு மறுவிசாரணை என்று உத்தரவாகி அவர் பிணையில் வந்தது 2006. வழக்கைக் கைவிட்டது 2009. சான் அன்டோனியோவில் வாஸ்குவெஸ் 2012-ல் பரோலில் வந்தார். குற்றவாளிப் பட்டியலில் பெயர், குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் போகத் தடை. மற்ற மூவரும் வந்தது 2013. நிரபராதிகள் என்று டெக்சாஸ் உயர் குற்றவியல் நீதிமன்றம் சொன்னது 2016 நவம்பரில். இரண்டிலும் மூன்று மூன்று வருஷம், வாஸ்குவெஸுக்கு நான்கு, வெளியே இருக்கிறார்கள், ஆனால் குற்றவாளிகள்தான் அல்லது குற்றம் சாட்டப்பட்டவர்கள்தான். நாளைக்கே ஒரு காகிதம் திரும்ப உள்ளே கூப்பிடலாம். அப்படி ஒருவரை விரும்புகிறவர் தன் வீட்டில் என்னவென்று சொல்வார்? வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் எந்தப் பெயரைக் கொடுப்பார்கள்? காதலையே ஒருகாலத்தில் சாட்சியமாக்கினார்கள் என்று தெரிந்தவர் தெருவில் எப்படிக் கைபிடிப்பார்? இதையெல்லாம் நீங்கள் மூடிவைத்த நாவல் எழுதியிருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

ஒருவேளை அது நீங்கள் படிக்காத பாதியில் இருக்கலாம். பெயரை எழுதுங்கள். அல்லது பிரதியையே அனுப்புங்கள், மூடித்தானே கிடக்கிறது!