கன்னியாகுமரி மாவட்டத்து மலை ஊரு கீரிப்பாறைக்குப் போற அரசு பஸ்ஸை தனியாருக்கு குடுத்தா நஷ்டம் தீருமா?

தீராது. மலை ரூட்டுல டீசல் செலவுக்கே வசூல் பத்தாது, டிக்கெட் ரேட்டு கடைசியா ஏத்துனது 2018-ல, அதனால யார் ஓட்டுனாலும் மானியம் வேணும். காண்ட்ராக்ட் எப்படி போடுறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. டிக்கெட் காசு பஸ் ஓட்டுற கம்பெனிக்கேன்னு விட்டா எல்லாரும் நாகர்கோவில்-மார்த்தாண்டம் ரூட்டுக்குத்தான் அடிச்சுக்குவாங்க, கீரிப்பாறை பேச்சிப்பாறை பக்கம் ராத்திரி ட்ரிப்பை மொதல்ல கட் பண்ணிருவாங்க, ஆள் புடிக்க ரோட்டுல ரேஸ் வேற.

இன்னொண்ணு கிராஸ் காஸ்ட் (gross cost) முறை, சென்னையில எம்டிசி (மாநகர் போக்குவரத்துக் கழகம்) எலக்ட்ரிக் பஸ் 2025-ல அப்படித்தான் வந்துச்சு. ஓடுன கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்கு பணம், டிக்கெட் வசூல் எம்டிசிக்கு. ட்ரிப் ஓடும், ஆனா கைகாட்டுனா நிறுத்தாம போனாலும் கம்பெனிக்கு அதே காசுதான் பாத்துக்கிடுங்க, அதுக்கு அபராதம்னு காண்ட்ராக்ட்லயே எழுதி வாங்கணும்.