சரிபாதி ஒருவர் காலில்

கேள்வி: 1951-ல் பிரான்ஸ் ரக்பி லீக் அணி ஆஸ்திரேலியாவுக்கே போய் ஜெயித்து வந்ததாக சிட்னியில் வேலை பார்க்கும் என் தம்பி சொல்கிறான். நிஜமா சார்?
– வாசகர், தொண்டி

பதில்: நூற்றுக்கு நூறு நிஜம். ரக்பி லீக் என்றால் அணிக்குப் பதின்மூன்று பேர், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் உதைத்தும் ஆடும் ரக்பி வகை. மூன்று டெஸ்ட். சிட்னியில் முதலாவது பிரான்ஸுக்கு, 26-15. பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா 23-11 என்று பதிலடி கொடுத்தது. மறுபடி சிட்னி; 35-14, தொடரே பிரான்ஸுக்கு!

அணித் தலைவர் புய்க்-ஓபேர். கடைசிக் காவலாகப் பின்னால் நிற்பவர், சிகரெட்டை விடாதவர். ஓடுவதைவிட உதைப்பதில்தான் அவர் பெயர் நின்றது. அந்த மூன்று டெஸ்டில் 18 கோல். அன்று ஒரு கோலுக்கு 2 புள்ளி. பிரான்ஸ் எடுத்தது மொத்தம் 72. அதில் 36, சரிபாதி, அவர் காலிலிருந்து வந்தது. கீழக்கரைக் கடற்கரையில் பையன்களுக்குப் பந்து உதைக்கக் கற்றுக் கொடுத்தவன் நான். கச்சான் காற்று வீசினால் உருண்டைப் பந்தே சொன்ன பேச்சைக் கேட்காது. அவர் உதைத்ததோ முட்டை வடிவப் பந்து, அதுவும் இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே போக வேண்டும்!

இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குப் பணிந்து பிரான்ஸை ஆண்ட விஷி அரசு 1941-ல் இந்த ஆட்டத்தையே தடை செய்து, சங்கத்தின் சொத்தையும் பிடுங்கிக்கொண்டது. போர் முடிந்த பிறகு ஒன்றுமில்லாமல் தொடங்கியவர்கள் ஆறே வருஷத்தில் சிட்னியில் ஜெயித்தார்கள். எனக்கு அந்த 35-14-ஐவிட இதுதான் பெரிசு. அங்கே வயதான ரசிகர் யாராவது அகப்பட்டால் புய்க்-ஓபேர் பற்றிக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.