பஞ்சுக்கு மேல் வெடிமருந்து

அன்புள்ள ஐயா,

என் தாத்தா இளவயதில் பம்பாயில் வேலை பார்த்தவர். "ஒருநாள் வானத்திலிருந்து தங்கக் கட்டி விழுந்தது" என்று அடிக்கடி சொல்வார். வீட்டில் யாரும் நம்பியதில்லை. 1944 பம்பாய் துறைமுக வெடிவிபத்து பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்ததைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. அன்று வெடித்த கப்பலைப் பற்றி விரிவாகச் சொல்வீர்களா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தாத்தா சொன்னது உண்மைதான். கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன. அது வெடித்தபோது சுமார் ஒரு மைல் தள்ளியிருந்த ஒரு பார்சிக்காரர் வீட்டில் 12 கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக் கட்டி வந்து விழுந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்தும் துறைமுகத்தில் தூர் வாரும்போது கட்டிகள் கிடைத்தன.

ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்வது தங்கம் அல்ல, பஞ்சு.

கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிகீன். ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்த காலம் அது. அந்த இழப்பை ஈடுகட்டக் கனடாவில் அவசர அவசரமாகக் கட்டிய கப்பல்களில் ஒன்று இது. 1942இல் பிரின்ஸ் ரூபர்ட்டில் உருவானது. 1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியபோது சுமார் 1,400 டன் வெடிபொருள் அதில் இருந்தது. கராச்சியில் கொஞ்சம் சரக்கை இறக்கினார்கள். காலியான இடத்தில் சுமார் 8,700 பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம் என்று அடைத்தார்கள். கேப்டன் நெய்ஸ்மித் ஆட்சேபித்தார். போர்க்காலத்தில் இடத்தை வீணாக்க யாருக்கும் மனமில்லை. இரண்டாவது சரக்கு அறையில் கீழே பஞ்சு, மேலே வெடிமருந்து. அப்படியே பம்பாயில் விக்டோரியா டாக் என்ற கப்பல்துறைக்கு வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 14, பிற்பகல் 2 மணிவாக்கில் அந்த அறையிலிருந்து புகை வருவதைக் கவனித்தார்கள். இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியில் தீப்பிடித்தால் லேசில் அணையாது. தண்ணீர் மேலே நனைக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். 900 டன்னுக்கு மேல் தண்ணீர் பாய்ச்சினார்கள். அறைக்குள் தண்ணீர் ஏற ஏற, எரியும் பொதிகள் மிதந்து வெடிமருந்தை நோக்கி மேலே போயின. தண்ணீரே கொதித்தது. தீ எங்கே இருக்கிறது என்பதை, கப்பலின் வெளித்தகட்டில் பெயிண்ட் கொப்பளித்த இடத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தில் துளை போடக் கொண்டுவந்த கேஸ் கட்டர் சரியாக வேலை செய்யவில்லை.

இரண்டு மணி நேரம் கையில் இருந்தது, நண்பரே. அங்கேயே மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துப் போவதா என்று முடிவெடுக்க ஒரு ஆள் இல்லை. வெடிபொருள் இருப்பதை அறிவிக்கும் சிவப்புக் கொடியும் ஏற்றப்பட்டிருக்கவில்லை. அதனால் பக்கத்துக் கப்பல்களில் இருந்தவர்களும் கரையில் இருந்தவர்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. அரைமணி நேரத்தில் அடுத்தது, அதைவிடப் பெரியது. சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி சிம்லாவில் நிலநடுக்கக் கருவி அந்த அதிர்வைப் பதிவுசெய்தது. அருகில் நின்ற ஜலபத்மா என்ற கப்பல் தூக்கிக் கரையில் வீசப்பட்டது. மறுநாளே ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி செய்தியைச் சொல்லிவிட்டது. நம் பத்திரிகைகளுக்கு மே மாதம்தான் அனுமதி கிடைத்தது.

குழாயைப் பிடித்தபடி நின்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 14ஆம் தேதி நம் ஊர் தீயணைப்பு நிலையங்களில் தீத்தொண்டு நாள் கடைப்பிடிப்பது அவர்களுக்காகத்தான். சித்திரை முதல் நாள் பரபரப்பில் நாம் கவனிப்பதில்லை. அந்த 66 பொதுவாகச் சொல்லப்படும் எண். மொத்தச் சாவு என்று தேடினால் 800 என்பார்கள், 1,300 என்பார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பவர்கள் பெரும்பாலும் மூட்டை தூக்கியவர்களும் டாக்கை ஒட்டிக் குடியிருந்த ஏழைகளும் என்றே நினைக்கிறேன்.

தாத்தா தங்கத்தைத் தவிர வேறு ஏதாவது சொன்னாரா? அவர் கூட வேலை பார்த்தவர்கள், பக்கத்து அறைக்காரர்கள் யாரைப் பற்றியாவது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.