நகோர்னோ-கராபாக்கில் உண்மையிலேயே ஓர் அரசு இருந்ததா, அல்லது அது ஆர்மீனியாவின் பொம்மை அரசுதானா? அங்கே எந்த எந்தச் சமூகத்தினர் வாழ்ந்தார்கள்?

கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் போலத் தெரிகிறது. தேர்வுக்கு மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவு போதும்: சட்டப்படி அஜர்பைஜானின் பகுதி, பெரும்பான்மை மக்கள் ஆர்மீனியர், 1991இல் தனி நாடாக அறிவித்துக்கொண்டது, ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அங்கீகரிக்கவில்லை. 2023 செப்டம்பரில் வீழ்ந்தது. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

என்னால் அப்படிப் போக முடியவில்லை. நான் மருத்துவம் படித்தது ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில். அந்தப் 'பொம்மை அரசின்' குடிமக்கள் 2023 செப்டம்பர் கடைசியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். அதனால் அந்தச் சொல்லை எங்கே படித்தாலும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். ஆர்மீனியச் சோறு தின்றவன் ஆர்மீனியர் பக்கம்தான் பேசுவான் என்று சிலர் சொல்லக்கூடும். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் அரசு. குடியரசுத் தலைவர், 33 இடங்கள் கொண்ட நாடாளுமன்றம், அமைச்சகங்கள், நீதிமன்றங்கள், சொந்தப் படை எல்லாம் இருந்தன. 2006இல் பொது வாக்கெடுப்பின் மூலம் ஓர் அரசியல் சாசனம் வந்தது. 2017இல் இன்னொன்று வந்தபோது நாட்டின் பெயரில் அர்த்சாக் (கராபாக்குக்கு ஆர்மீனியர் வைத்திருக்கும் பெயர்) முன்னுக்கு வந்தது, தலைவருக்கு அதிகாரம் கூடியது. தேர்தல்களில் தோற்றவர்களும் இருந்தார்கள், வென்றவர்களும் இருந்தார்கள். (சாசனம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கையில் நாடே இல்லாத காலத்தில், வருங்கால ஆர்மீனியாவுக்கென்று ஒரு சாசன வரைவை அச்சிட்டவர்கள் நம் சென்னையில் வணிகம் செய்த ஆர்மீனியர்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழும் 1794இல் சென்னையில்தான் வெளிவந்தது. அரண்மனைக்காரன் தெரு வழியாக உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கிருக்கும் ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்?)

சரி, பொம்மை விஷயத்துக்கு வருவோம். செலாவணி ஆர்மீனிய திராம். கடவுச்சீட்டும் ஆர்மீனியாவுடையது, தொலைபேசிக் குறியீடும் அதுவே. வரவு செலவுத் திட்டத்தில் பெரும் பங்கு யெரெவானிலிருந்து போனது. எல்லையில் காவல் நின்றவர்களில் ஆர்மீனியாவிலிருந்து கட்டாய ராணுவ சேவைக்குப் போன பையன்களும் உண்டு. இவ்வளவு செய்த ஆர்மீனியாவே அதை அதிகாரபூர்வமாக அங்கீகரிக்கவில்லை. அங்கீகரித்தவை அப்காசியா, தெற்கு ஒசேத்தியா, திரான்ஸ்னிஸ்திரியா. மூன்றுமே தாமாகத் தனி நாடென்று அறிவித்துக்கொண்டு, ஐ.நா.வில் இடம் கிடைக்காதவை. கராபாக்கின் தலைநகரான ஸ்டெபனாகெர்ட்டின் விமான நிலையத்தைப் புதுப்பித்துக் கட்டினார்கள்; விமானத்தைச் சுட்டு வீழ்த்துவோம் என்று அஜர்பைஜான் தலைநகர் பாகுவிலிருந்து மிரட்டல் வந்ததால் பயணிகள் விமானம் ஒன்றுகூட அங்கிருந்து கிளம்பவில்லை.

ஆனால் கயிறு எந்தப் பக்கம் இழுத்தது என்பதையும் பார்க்க வேண்டும். கராபாக்கின் தலைவராக இருந்த ராபர்ட் கோச்சார்யான் 1998இல் ஆர்மீனியாவின் குடியரசுத் தலைவரானார். அவருக்குப் பின் வந்த செர்ஷ் சர்க்சியானும் ஸ்டெபனாகெர்ட்டில் பிறந்தவர். 2018 வரை, இருபது ஆண்டுகள், ஆர்மீனியாவை ஆண்டது கராபாக்காரர்கள். ஆட்டுவிக்கிறவனின் வீட்டிலேயே பொம்மை குடியேறி அதிகாரம் செய்த கதை இது. யெரெவானில் டாக்சியில் ஏறினாலே ஓட்டுநர் இதைச் சொல்லிப் புலம்புவார்.

இனி எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள். வீட்டுக்காரப் பாட்டியின் தூரத்து உறவு. பெரியவர், மனைவி, மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பெரியவர் ஸ்டெபனாகெர்ட்டில் நிலப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்தில் ஆர்மீனிய எல்லைப் பக்கத்து ஊரான கோரிஸுக்கு வந்துவிடலாம். அவர்கள் வண்டி நெரிசலில் ஒன்றரை நாளுக்கு மேல் நகர்ந்து நகர்ந்து வந்திருக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் வெளியேறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர் பேசும் கராபாக் வட்டார மொழி யெரெவான்காரர்களுக்கே சரியாகப் புரியாது. என் அரைகுறை ஆர்மீனிய மொழி எந்த மூலைக்கு? மருமகள்தான் எனக்கு ரஷ்ய மொழியில் எடுத்துச் சொல்லுவார்.

அவர் கொண்டுவந்தவற்றில் துணியைவிடக் காகிதம் அதிகம். வீட்டுப் பத்திரம், ஓய்வூதியப் புத்தகம், பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ். எல்லாவற்றிலும் அந்த இல்லாத நாட்டின் முத்திரை. அவற்றோடு கொஞ்சம் ரேஷன் கூப்பன்கள். 2022 டிசம்பர் 12இல், கராபாக்கை ஆர்மீனியாவோடு இணைத்த ஒரே சாலையான லாச்சின் பாதை அடைபட்டது. அடுத்த மாதமே அந்த அரசு அரிசி, சர்க்கரை, எண்ணெய்க்கெல்லாம் கூப்பன் போட்டது. 2023 ஏப்ரலில் அஜர்பைஜான் பாதையில் சோதனைச் சாவடியே வைத்துவிட்டது. கோடையில் கூப்பன் கையில் இருந்தது, கடையில் சரக்கு இல்லை. ரொட்டிக்கு இரவே போய் வரிசையில் நின்றிருக்கிறார்கள். ஓய்வூதியம் மட்டும் அந்த மாதங்களிலும் வந்தது என்று பெரியவர் ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னார். வாங்கப் பொருளில்லாத ஊரில் பணம் வந்து என்ன பயன் என்று மருமகள் சிரித்தார். அவருக்கு அந்த அரசின் மேல் மரியாதை கிடையாது. மேலே இருந்தவர்கள் எல்லாம் யெரெவானில் வீடு வாங்கிப் போட்டிருந்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பெரியவர் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இப்போது சமூகங்கள். ஆர்மீனிய நண்பர்களுக்குப் பிடிக்காத பகுதி இது. 1989 சோவியத் கணக்கெடுப்பில், அப்போது அஜர்பைஜானுக்குள் தன்னாட்சிப் பகுதியாக இருந்த கராபாக்கில் சுமார் 1,89,000 பேர். ஏறத்தாழ 77 விழுக்காடு ஆர்மீனியர், 21 விழுக்காட்டுக்கு மேல் அஜர்பைஜானியர். 2015இல் அர்த்சாக் அரசே எடுத்த கணக்கில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஆர்மீனியர். நடுவில் அந்த 21 விழுக்காடு என்ன ஆனது? 1991 டிசம்பர் 10இல் தனி நாட்டுக்காக நடந்த வாக்கெடுப்பை அவர்கள் புறக்கணித்தார்கள். 1992 பிப்ரவரியில் ஆர்மீனியப் படைகள் பிடித்த கோஜாலி என்ற அஜர்பைஜானியர் ஊரிலிருந்து தப்பி ஓடிய பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். மே மாதம், அஜர்பைஜானியர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஷுஷி நகரம் விழுந்ததும் மிச்சமிருந்தவர்களும் போனார்கள். அதோடு நிற்கவில்லை. சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களில் ஐந்தை முழுதாகவும் இரண்டைப் பாதியுமாக ஆர்மீனியப் படைகள் பிடித்தன. அங்கே வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய முழுக்க அஜர்பைஜானியர், லாச்சின் பக்கம் குர்துகளும் உண்டு. லட்சக்கணக்கானோர் கால் நூற்றாண்டுக்கும் மேல் அகதிகளாக வாழ்ந்தார்கள். அக்தாம் என்ற நகரத்தில் செங்கல் செங்கலாகப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள், மசூதிதான் மிஞ்சியது. அந்த அரசு உண்மையான அரசுதான், ஆனால் ஒரு சமூகத்துக்கு மட்டும். மற்றவர் வெளியே தள்ளப்பட்ட பிறகு எழுந்த ஒருமித்த ஆதரவை ஜனநாயகம் என்று முழு மனதோடு சொல்ல என்னால் முடியாது.

எதிர்ப்பக்கமும் அதே கணக்குதான். 1988 பிப்ரவரியில் அஜர்பைஜான் நகரமான சும்காயித்தில், 1990 ஜனவரியில் பாகுவில் ஆர்மீனியர்களை வீடு வீடாகத் தேடி அடித்தார்கள். அங்கிருந்து ஓடிவந்த ரஷ்ய மொழி பேசும் ஆர்மீனியர்கள் பலரைத்தான் பின்னர் ஷுஷியின் காலி வீடுகளில் குடியேற்றினார்கள். நிலப் பதிவில் வேலை பார்த்தவராயிற்றே, இதைப் பெரியவரிடம் கேட்டேன். பாகுவில் சொந்த வீட்டை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு நிற்கிறவனை வேறு எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்டார். சற்று நேரம் கழித்து, தன் வீட்டில் இப்போது யார் இருப்பார்கள் என்று மருமகளிடம் கேட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

காகிதம் என்றதும் என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விருப்பமில்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். பட்டத்தோடு ஊர் திரும்பி, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தேர்விலும் தேறி, பயிற்சிக்குப் போன மருத்துவமனையில் என் சான்றிதழைப் புரட்டிய அலுவலர், "ஆர்மீனியாவா? ரஷ்யாவில் ஒரு ஊரா?" என்றார். மொழிபெயர்ப்பில் என் தந்தை பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததற்காக மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். இங்கே படித்தவர்களுக்கு உதவித்தொகை, எங்களுக்கு ஒன்றுமில்லை. வேலை மட்டும் ஒன்றே. வீடிழந்தவரோடு என்னை ஒப்பிடவில்லை, அதற்குள் பாய்ந்து வராதீர்கள். முத்திரை இருந்தும் மதிப்பில்லாத காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும் என்கிறேன், அவ்வளவுதான்.

முடிவு எல்லோருக்கும் தெரிந்தது. 2020இல் 44 நாள் போரில் ஷுஷி அஜர்பைஜான் கைக்குப் போனது. ரஷ்ய அமைதிப் படை 1,960 பேர் வந்தார்கள். 2023 செப்டம்பர் 19இல் அஜர்பைஜான் தாக்குதல் தொடங்கியபோது அந்தப் படை வேடிக்கை பார்த்தது. மறுநாளே சரணடைவு. 28ஆம் தேதி தலைவர் சம்வெல் ஷஹ்ரமன்யான், 2024 ஜனவரி 1 முதல் குடியரசின் அமைப்புகள் அனைத்தும் கலைக்கப்படும் என்று ஆணையில் கையெழுத்திட்டார். அவருக்கு முன்பிருந்த மூன்று தலைவர்கள் பாகுவில் சிறைப்பட்டார்கள்.

அந்த மக்கள் கையில் இருந்த ஆர்மீனியக் கடவுச்சீட்டில் 070 என்று ஒரு குறியீடு இருந்தது. இத்தனை காலமும் அது குடியுரிமை என்று நம்பியிருந்தார்கள். வந்து சேர்ந்த பிறகு, அது வெறும் பயண ஆவணம், குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள் என்றது யெரெவான். வீடு வாங்க அரசு தரும் உதவிக்கும் குடியுரிமை வேண்டும். மருமகள் உடனே விண்ணப்பித்தார். பெரியவர் மறுத்துவிட்டார், குடியுரிமை வாங்கினால் அகதி என்ற நிலை போய்விடும், திரும்பிப் போகும் உரிமையைக் கேட்க முடியாமல் போகும் என்பது அவர் கணக்கு. நான் ஊர் திரும்பும்வரை அந்த வீட்டில் தினமும் இதே சண்டை. யார் சொல்வது சரி என்று சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இங்கே எழுதினால் நானும் படிப்பேன். கோஜாலியைச் சொல்லவில்லை, சும்காயித்தைச் சொல்லவில்லை என்று வருகிறவர்களுக்கு: இரண்டும் மேலே இருக்கின்றன.