எரேமியா 29:11-ஐ வீட்டுக்கூட்டத்தில் எப்படி நடத்துவது?

"உங்கள்பேரில் நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே" என்று கர்த்தர் சொல்லும் அந்த ஒரு பைபிள் வசனத்தை மட்டும் எடுக்காதீர்கள். 29:1 முதல் 14 வரை சேர்த்து வாசிக்க வையுங்கள். "வாக்குத்தத்தம் வந்தும் கடன் ஏன் தீரலைங்க" என்று உங்கள் திருப்பூர்க் கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டாரே, அதற்கு 10-ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்: அந்த வாக்குத்தத்தம் நிறைவேற 70 வருஷம் ஆகும் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. இரண்டே வருஷத்தில் விடுதலை என்று சொன்ன அனனியா பொய்யாய்ச் சொன்னவன். 28-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு வசனத்தை அச்சிட்டுத் தரும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைதான். அதில் முன்பின் வசனங்கள் இருக்காது.

நடத்தி முடித்ததும், யார் யாருக்கு எந்த நிலைமையில் எழுதினார் என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் புரிந்திருக்கிறது. 7-ஆம் வசனத்தை விட்டுவிடாதீர்கள்: குடியிருக்கும் ஊரின் சமாதானத்துக்காக ஜெபிப்பது, பிழைப்புக்காக பனியன் கம்பெனிக்கு வந்தவர்களுக்கு நேராகப் பொருந்தும்.

ஒன்று, அந்தச் சகோதரியைக் கூட்டத்தில் வைத்துத் திருத்த வேண்டாம். தனியாக வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.