30 வாரத்தில் பிறந்த பேரனின் மூளை மடிப்புகள்

கேள்வி: என் மகளுக்கு 30 வாரத்திலேயே ஆண் குழந்தை பிறந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. உச்சிக்குழி வழியாக எடுத்த ஸ்கேனில், ‘மூளை மடிப்புகள் குறைவு, வாரத்திற்கு ஏற்றவையே’ என்று எழுதியிருக்கிறார்கள். மடிப்பு குறைந்தால் பிள்ளைக்கு அறிவு குறையும் என்று உறவினர்கள் சொல்லக் கேட்டு, மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். – ஒரு வாசகி, தேவகோட்டை.

பதில்: ஆச்சி, உறவினர்கள் அந்த வரியின் முன்பாதியோடு நின்றுவிட்டார்கள், ஸ்கேன் பார்த்த மருத்துவர் சொல்ல வந்ததோ பின்பாதியை.

20 வாரம் வரை கருவின் மூளை, பக்கவாட்டுப் பெரும்பிளவு போன்ற சில பள்ளங்கள் நீங்கலாக, ஆத்தங்குடிக் கல்லைப் போல வழவழப்பாகவே இருக்கும். மடிப்புகளில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் விழுகிறது. உங்கள் பேரன் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பிறந்துவிட்டான். பிறந்த பின்னும் அது தொடர்கிறது.

மடிப்பை அளக்கும் முறையை 1988-இல் ஜெர்மானிய மூளை ஆய்வாளர் கார்ல் சில்லெஸ் குழுவினர் வகுத்தார்கள். கண்டாங்கிச் சேலையின் கொசுவத்தில் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நூலை இறக்கி ஏற்றி அளந்தால் ஒரு நீளம் வரும். உள்ளே இறக்காமல் மேலோடு இழுத்துப் பிடித்தால் அதைவிடக் குறைந்த நீளம் வரும். முன்னதைப் பின்னதால் வகுத்துக் கிடைப்பதே மடிப்புக் குறியீடு. வழவழப்பான மூளைக்கு அது 1. வளர்ந்தவருக்குச் சுமார் 2.5. மூளையின் மேலடுக்கு உள்பகுதியைவிட விரைவாகப் பரப்பில் பெருகுவதால்தான் அது மடிகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த எல். மகாதேவன் உள்ளிட்ட குழுவினர், கருமூளை வடிவில் ஒரு கூழ்ம உருவைச் செய்து, அதன் மேலடுக்கை மட்டும் திரவத்தில் ஊறி உப்பவைத்து, ஏறக்குறைய அதே மடிப்புகள் விழுவதை 2016-இல் காட்டினார்கள்.

குறைமாதக் குழந்தைகளின் மடிப்பு, நிறைமாதக் குழந்தைகளுடையதைவிடச் சற்றுக் குறைந்திருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அது பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த சராசரி. அதைக் கொண்டு ஒரு குழந்தையின் அறிவைக் கணிப்பது தவறு என்பதை உறுதியாகச் சொல்கிறேன். வலிப்பு வந்தாலோ, தலைச் சுற்றளவு வளராமல் நின்றாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

40 வாரம் நிறைய இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. அப்போது எம்.ஆர்.ஐ. தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதில் கதிர்வீச்சு இல்லை. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பெரும்பாலும் எடுத்துவிடலாம். தலை நிற்பது, சிரிப்பது எல்லாவற்றையும் அந்த 40-ஆம் வாரத்திலிருந்தே கணக்கிடும்படி மகளிடம் சொல்லுங்கள்.